ஜோடிப் பூச்சாடிகளும் ஓர் உபயக் குறிப்பும்

கோயில் டியூப்லைட்டில் "உபயம்: இன்னார்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. பாதி வெளிச்சத்தை அந்த எழுத்தே மறைத்துவிடும். ஆனால் அப்படி எழுதப்பட்ட ஓர் உபயக் குறிப்புதான் சீனப் பீங்கான் வரலாற்றில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அளவுக்கு இருந்த ஓட்டையை அடைத்தது என்றால் நம்புவீர்களா?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் எண் அறையில் அந்த ஜோடி இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாக இரண்டு உயரமான பூச்சாடிகள். உயரம் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடிக்குச் சற்று மேல். கழுத்தின் இருபுறமும் யானைத் தலை வடிவில் கைப்பிடிகள். ஒரு காலத்தில் அந்தக் கைப்பிடிகளில் வளையங்கள் தொங்கின, இப்போது இல்லை. வயிற்றுப் பகுதியில் மேகங்களுக்கிடையே ஒரு டிராகன் வளைந்து போகிறது. இவற்றுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் "டேவிட் ஜாடிகள்". செய்தவர் பெயரும் டேவிட் இல்லை, செய்யச் சொன்னவர் பெயரும் டேவிட் இல்லை. கடைசியாக வாங்கியவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. (பணம் கொடுத்தவன் பெயர் நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.)

செய்யச் சொன்னவர் பெயர் ஜாங் வென்ஜின். அவர் பெயர் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், ஜாடியின் கழுத்தில் வாழை இலை போன்ற இலைகளின் நடுவே அவர் எழுதச் சொன்ன சில வரிகள். அந்த வரிகளின் சாரம் இதுதான்: ஷின்ஜோ வட்டாரம், யுஷான் மாவட்டத்தில் இன்ன கிராமத்தைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்னும் பக்தர், தளபதி ஹு ஜிங்யியின் சந்நிதிக்கு ஒரு தூபக்காலும் ஒரு ஜோடி பூச்சாடிகளும் காணிக்கையாக வைக்கிறார். குடும்பம் முழுவதும் காக்கப்பட வேண்டும், மகன்களும் மகள்களும் நலமாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். கடைசியில் தேதி: ஜிஜெங் ஆட்சியின் 11ஆம் ஆண்டு, நான்காம் மாதம், ஒரு நல்ல நாள். நம் கணக்கில் 1351.

ஹு ஜிங்யி என்பவர் தளபதியாக இருந்து பின்னர் தெய்வமாக வணங்கப்பட்டவர். மதுரை வீரனையும் காத்தவராயனையும் அறிந்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. எல்லைச்சாமிக்கு மண்குதிரை செய்து வைப்பது போன்ற ஒரு காரியத்தைத்தான் ஜாங் வென்ஜின் செய்திருக்கிறார், குதிரைக்குப் பதில் பூச்சாடி.

அந்த வேண்டுதலின் காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்போது சீனாவை ஆண்டவர்கள் மங்கோலியர்கள், குப்ளாய் கானின் வழியில் வந்த யுவான் வம்சம். மஞ்சள் நதி கரை உடைத்துப் பெருவெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய், மதிப்பிழந்த காகிதப் பணம் என்று நாடு தடுமாறிக்கொண்டிருந்தது. நதியைத் திருப்பிவிட லட்சக்கணக்கானவர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். அந்த 1351லேயே சிவப்புத் தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த ஆண்டே ஜாங் வென்ஜின் வாழ்ந்த மாகாணத்துக்குள்ளும் அது வந்துவிட்டது. 1368ல் யுவான் ஆட்சி முடிந்தது. பிள்ளைகள் நலமாக இருக்கட்டும் என்று எழுதி, மை காய்ந்து, சூளையில் வெந்து, கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த சமயத்தில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தால் அந்த வரிகள் வெறும் தேதிக் குறிப்பாகத் தெரிவதில்லை.

சரி, ஜாடிக்கு வருவோம். இது செய்யப்பட்ட இடம் ஜிங்தெசென். யுஷானிலிருந்து வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டர். 1278லேயே யுவான் அரசு அந்தப் பகுதியில் பீங்கானுக்கென ஓர் அலுவலகம் வைத்துவிட்டது. அங்கே கிடைத்த பீங்கான் கல்லும், காவோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்தால் ஏறக்குறைய 1300 டிகிரி சூட்டைத் தாங்கும். காவோலின் என்ற சொல்லே ஜிங்தெசென் பக்கத்திலுள்ள காவோலிங் என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். பச்சை மண்பாண்டத்தின் மேல் கோபால்ட் கலந்த நீலத்தால் வரைந்து, அதன் மேல் கண்ணாடி போன்ற மெருகைப் பூசி, ஒரே தடவையில் சுட்டு எடுப்பார்கள். ஆக, படமும் எழுத்தும் மெருகுக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. சுட்ட பிறகு யாராலும் அழிக்கவும் முடியாது, புதிதாகச் சேர்க்கவும் முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மண் சீனாவுடையது. நீலம் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது. யுவான் காலத்துக் கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. சீனாவின் உள்நாட்டுக் கோபால்ட்டில் மாங்கனீஸ் அதிகம். இரும்பு அதிகமுள்ள நீலம் தடிமனாக விழுந்த இடங்களில் கறுத்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மங்கோலியர் ஆட்சியில் சீனாவும் பாரசீகமும் ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளிடம் இருந்தன என்பதால் சரக்குப் போக்குவரத்து சுலபமாக இருந்தது. இறக்குமதி மூலப்பொருள், உள்நாட்டு உற்பத்தி, மறுபடி ஏற்றுமதி. வணிகவியல் பாடப் புத்தகத்தில் போட வேண்டிய உதாரணம்.

இரண்டடி உயர ஜாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முடியாது. ஈர மண் தன் பாரத்தைத் தானே தாங்காது. அதனால் கழுத்து, வயிறு, அடிப்பகுதி என்று தனித்தனியாகச் செய்து, குழைத்த மண்ணைப் பசைபோல வைத்து ஒட்டுவார்கள். அலங்காரமும் வரிசை வரிசையாகவே போகிறது. வாய் விளிம்பில் செவ்வந்திக் கொடி, அடுத்து எழுத்து உள்ள இலைகள், பிறகு ஃபீனிக்ஸ் பறவைகள், தாமரைக் கொடி, டிராகன், அலைகள், பியோனி மலர்க் கொடி, அடியில் இதழ் இதழாகக் கட்டங்கள். கையில் இருந்த வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் இறக்கிவிட்டார் போலிருக்கிறது அந்த ஓவியர். பார்ப்பதற்குச் சற்று நெரிசல்தான். ஆனால் அந்த நெரிசல்தான் பிற்பாடு பெரிய உதவியாக ஆனது.

அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு இது பிடித்ததா? பிடிக்கவில்லை. 1388ல் ட்ஸாவ் ஜாவ் என்பவர் பழம்பொருட்களைத் தரம் பிரித்துப் பார்ப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். அதில் நீல வெள்ளைப் பீங்கானை மிகவும் மலிவான ரசனை என்ற தொனியில் தள்ளிவிடுகிறார். ரசிகர்களுக்குப் பழைய சோங் காலத்துப் பாத்திரங்களின் ஒற்றை நிற அமைதிதான் உயர்வு. பூவும் டிராகனும் போட்ட நீலச் சாமான்கள் கடல் கடந்து போகும் சரக்கு, அல்லது யுஷான் மாவட்டத்து பக்தர் கோயிலுக்குக் கொடுக்கும் சரக்கு. அந்தக் கையேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? இந்த ஜாடிகளை வாங்கிய அதே பெர்சிவல் டேவிட். மொழிபெயர்ப்பு அவர் இறந்த பிறகு 1971ல் வெளிவந்தது. தன் வீட்டின் மிக முக்கியமான பொருளைத் திட்டும் வரியைத் தானே மொழிபெயர்த்திருக்கிறார் மனிதர்.

இனி 1920களின் லண்டன். வூ லாய்ஷி என்ற சீன வியாபாரி மூலம் இந்த ஜாடிகள் அங்கே வெளிப்படுகின்றன. அப்போதைய நிபுணர்களின் கணக்குப்படி, நல்ல நீல வெள்ளைப் பீங்கான் மிங் காலத்தில்தான் ஆரம்பம், அதன் உச்சம் 15ஆம் நூற்றாண்டு. யுவான் காலம் என்பது அவர்கள் பேரேட்டில் கிட்டத்தட்ட வெற்றுப் பக்கம். அந்த வெற்றுப் பக்கத்தில் இவ்வளவு முதிர்ந்த வேலைப்பாட்டோடு, கழுத்தில் 1351 என்று எழுதிக்கொண்டு ஒரு ஜோடி வந்து நின்றால் என்ன தோன்றும்? போலி என்றுதான் தோன்றும். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. சீனப் பீங்கானில் எழுதியிருக்கும் தேதியை நம்பி ஏமாந்தவர்கள் கூட்டம் பெரியது. மிங் காலத்தில் மன்னரின் ஆட்சிப் பெயரைப் பாத்திரத்தின் அடியில் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. ஷுவாந்தெ ஆட்சி (1426 முதல் 1435 வரை) பீங்கானுக்குப் பேர்போனது என்பதால், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஷுவாந்தெ என்று எழுதிக்கொண்டார்கள். காங்ஷி மன்னர் காலத்தில் (1662 முதல் 1722 வரை) மிங் மன்னர்களின் பெயர் போட்ட பாத்திரங்கள் ஏராளம். 1677ல் உள்ளூர் அதிகாரி ஒருவர், நடப்பு மன்னரின் பெயரைப் பாத்திரத்தில் எழுதக்கூடாது என்று தடையே போட்டார். உடைந்தால் மன்னர் பெயர் குப்பைக்குப் போகுமே என்ற பயம். எழுத ஒரு பெயர் வேண்டும், நடப்புப் பெயருக்குத் தடை, ஆகவே பழைய பெயர். பிறகு 19ஆம் நூற்றாண்டு வந்தபோது அதே காங்ஷியின் பெயரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதில் எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. முன்னோருக்கு மரியாதை, பழைய பாணிக்கு அடையாளம் என்ற அர்த்தமும் அதில் உண்டு. ஆனால் வாங்குகிறவனுக்கு விளைவு ஒன்றுதான்: அடியில் உள்ள முத்திரை இந்தத் தேதிக்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லும், அந்தத் தேதியைச் சேர்ந்தது என்று சொல்லாது.

இந்த ஜோடியின் குறிப்பு அந்த வகை இல்லை என்பதை முதலில் அச்சில் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆர்.எல். ஹாப்சன். 1929ல் ஒரு கட்டுரையில் இவற்றைத் தேதியிட்ட யுவான் ஜாடிகளாகவே வெளியிட்டார். யோசித்துப் பார்த்தால் வாதம் பலமானது. போலி செய்கிறவன் விலை போகும் பெயரைத்தான் எழுதுவான். ஷுவாந்தெ என்று எழுதினால் காசு. நீல வெள்ளையோடு யாருமே சம்பந்தப்படுத்தாத ஜிஜெங் ஆட்சியை எழுதி, கூடவே யாரும் கேள்விப்படாத ஒரு கிராமத்தின் பெயரையும், ஊர்த் தெய்வத்தின் பெயரையும், "தூபக்காலும் சேர்த்து மூன்று" என்ற கணக்கையும் எதற்காக எழுத வேண்டும்? முத்திரை என்பது பிராண்டு, யாரும் ஒட்டிக்கொள்ளலாம். இது வவுச்சர். கொடுத்தவர், பெற்றவர், சரக்கு விவரம், காரணம், தேதி எல்லாம் இருக்கிறது. அதுவும் மெருகுக்கு அடியில்.

ஆனாலும் ஹாப்சனின் கட்டுரை பெரிய சலசலப்பை உண்டாக்கவில்லை. ஒரே ஒரு வவுச்சரை வைத்துக்கொண்டு பேரேட்டை மாற்றி எழுத யாரும் தயாராக இல்லை. ஜாடிகளும் பிரிந்து வேறு வேறு சேகரிப்புகளுக்குப் போயின. ஒன்று மவுன்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் என்பவருடையது, மற்றது சார்ல்ஸ் ரஸ்ஸலுடையது. இரண்டையும் வாங்கி மறுபடி ஜோடி சேர்த்தவர்தான் பெர்சிவல் டேவிட்.

டேவிட் 1892ல் பம்பாயில் பிறந்தவர். பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகச் சமூகம். அப்பா சர் சசூன் டேவிட் பருத்தி வியாபாரி, 1906ல் தொடங்கப்பட்ட பேங்க் ஆஃப் இந்தியாவின் முதல் தலைவர். ஆக லண்டனில் இருக்கும் இந்தச் சீன ஜாடிகளின் பின்னால் பம்பாய்ப் பருத்திப் பணம் இருக்கிறது. டேவிட்டும் காசை வைத்து அலமாரியை நிரப்பும் ஆள் இல்லை. சீன மொழி கற்றுக்கொண்டு பழைய நூல்களை மூலத்தில் படித்தார். அதனால்தான் கழுத்தில் இருக்கும் எழுத்து அவருக்கு அலங்காரமாகத் தெரியவில்லை. 1920களில் பெய்ஜிங் போனபோது, சீன அரச குடும்பம் வங்கியில் அடகு வைத்து மீட்க முடியாமல் போன அரண்மனைப் பீங்கான்களில் ஒரு பகுதியை அந்த வங்கியிடமிருந்தே வாங்கினார். (அடகு நகை ஏலம் என்பது நம் தெருமுனையில் மட்டும் நடப்பது இல்லை.) 1935-36ல் லண்டனில் நடந்த மாபெரும் சீனக் கலைக் கண்காட்சியின் முக்கிய அமைப்பாளரும் அவர்தான். 1950ல் தன் சேகரிப்பை லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1952ல் கோர்டன் சதுக்கத்தில் அது திறக்கப்பட்டது. 1964ல் டேவிட் இறந்தார்.

ஜாடிகளுக்கு உண்மையான நியாயம் கிடைத்தது அமெரிக்காவிலிருந்து, ஜான் அலெக்சாண்டர் போப் என்பவர் மூலம். வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1950ல் இஸ்தான்புல் போய், தொப்காபி அரண்மனையின் பீங்கான் குவியலைப் பார்த்தார். ஒட்டோமான் சுல்தான்களின் சமையலறைக்குச் சேர்ந்த சீனப் பாத்திரங்கள் அங்கே பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் தேதி ஏதும் எழுதாத, பெரிய பெரிய நீல வெள்ளைத் தட்டுகளும் ஜாடிகளும் இருந்தன. போப் செய்தது நுட்பமான வேலை, ஆனால் கேட்கச் சுலபமானது. டேவிட் ஜாடியில் இருக்கும் ஒவ்வொரு உருவத்தையும் தனியாக எடுத்துக்கொண்டார். தாமரை இலை எப்படி வரையப்பட்டிருக்கிறது? நிஜத் தாமரை இலைபோல வட்டமாக இல்லாமல், கூரான முனைகளோடு இருக்கிறது. மேகம் எப்படி? அலை எப்படி? டிராகனின் மெலிந்த கழுத்தும் சின்னத் தலையும் எப்படி? அதே கைவழக்கம் எந்தத் தட்டில் இருக்கிறதோ அதுவும் 1351ஐ ஒட்டிய காலம். முன்னே நெரிசல் என்று சொன்னோமே, அங்கேதான் அது உதவியது. எட்டு வரிசைகளில் அத்தனை வடிவங்கள் இருந்ததால், எந்தப் பாத்திரம் வந்தாலும் ஒப்பிட ஏதாவது ஒன்று கிடைத்தது.

1952ல் அவர் புத்தகம் வந்தது. 1956ல் ஈரானின் அர்தபில் தர்காவுக்கு ஷா அப்பாஸ் 1611ல் வக்ஃபாகக் கொடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களைப் பற்றி இன்னொரு புத்தகம். அங்கேயும் யுவான் பாத்திரங்கள் கிடைத்தன. காலம் தெரியாமலோ மிங் என்ற பெயரிலோ கிடந்தவை வரிசையாக 14ஆம் நூற்றாண்டுக்கு நகர்ந்தன. இந்த வகைக்கே "ஜிஜெங் பாணி" என்று பெயர் விழுந்தது. ஒரு கிராமத்துப் பக்தரின் உபயக் குறிப்பு, ஒரு நூற்றாண்டுப் பீங்கானுக்கே முகவரி கொடுத்துவிட்டது.

இந்தியாவிலும் இதன் கிளைக்கதை உண்டு. 1960களில் டெல்லியில், ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் கோட்டைப் பகுதியில் உடைந்த நீல வெள்ளைத் தட்டுகளும் கிண்ணங்களும் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தால் அறுபதுக்கும் மேற்பட்ட யுவான் பாத்திரங்கள். சில பாத்திரங்களில் அரச சமையலறைக்குரியது என்று பொறித்திருந்தார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்திலும் 1980களில் வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா குழுவினர் ஆராய்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் நிறையக் கிடைத்தன. முழு ஜாடி கிடைக்காவிட்டாலும், ஒரு சில்லின் நிறத்தையும் கோட்டையும் வைத்துக் காலம் சொல்ல முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படித் தேதி தெரிந்த பாத்திரங்கள் நிற்கின்றன.

வீட்டில் இருக்கும், அல்லது கடையில் பார்க்கும் உயரமான ஜாடியை எப்படிப் பார்ப்பது? எல்லாருக்கும் டேவிட் ஜாடி கிடைக்காது, கழுத்தில் யாரும் முகவரி எழுதியும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உயரமான ஜாடி என்பதாலேயே சில சௌகரியங்கள் உண்டு. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால், துண்டுகளை ஒட்டிய இடம் மேடாக விரலில் படும். திரவ மண்ணை அச்சில் ஊற்றிச் செய்த நவீன ஜாடியின் உட்புறம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். அடுத்தது அடிவளையம், அதாவது தரையில் படும், மெருகு இல்லாத விளிம்பு. அங்கேதான் மண்ணின் உண்மை நிறம் தெரியும். பழைய ஜிங்தெசென் மண்ணில் உள்ள இரும்பு, மெருகு முடியும் இடத்தில் லேசான செம்மஞ்சளாகத் தெரிவதுண்டு. பல நூறு ஆண்டுகள் நகர்த்தி வைத்த தேய்மானம் தாறுமாறாக இருக்கும். சாணைத்தாளில் தேய்த்துப் பழசாக்கியது ஒரே திசையில் கீறல் காட்டும்.

உயர ஜாடியில் முதலில் அடிபடுவது வாய்தான். வாய் உடைந்தால் கழுத்தைச் சமமாக அறுத்து, மெருகேற்றி, "இதுதான் இதன் வடிவம்" என்று விற்றுவிடுவார்கள். கழுத்து வயிற்றுக்குப் பொருந்தாமல் குட்டையாகத் தெரிந்தாலோ, விளிம்பில் இருக்க வேண்டிய அலங்கார வரிசை பாதியில் நின்றாலோ சந்தேகப்பட வேண்டும். அடியில் நடுவே ஓட்டை இருந்தால் அது வேறு கதை: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின்விளக்கு வந்த காலத்தில் ஏராளமான சீன ஜாடிகளைத் துளைபோட்டு மேசை விளக்காக மாற்றினார்கள். அலங்காரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும். அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்று இருந்தால் கண்டுபிடிப்பு இன்னும் சுலபம். அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890ல் நிறைவேறியது. இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என்ற அதன் விதி 1891லிருந்து அமலுக்கு வந்தது. மேலே காங்ஷி முத்திரை, கீழே "சைனா" என்று இருந்தால் எதை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை. சுங்க வரிச் சட்டம் பழம்பொருள் ஆராய்ச்சிக்குச் செய்த உபகாரம் இது.

விஞ்ஞானச் சோதனை இல்லையா என்று கேட்பீர்கள். தெர்மோலுமினெசென்ஸ் என்று ஒன்று உண்டு. சுட்ட மண்ணில் உள்ள கனிமங்கள் ஆண்டாண்டாகக் கதிர்வீச்சைச் சேமித்துக்கொண்டே வரும். சூடாக்கினால் அதை ஒளியாக வெளியிடும். ஒளியின் அளவை வைத்து, கடைசியாகச் சூளையில் வெந்து எத்தனை காலம் ஆயிற்று என்று மதிப்பிடலாம். ஆனால் இதற்கு ஜாடியில் சிறிது துளையிட்டு மண் எடுக்க வேண்டும். எடுக்கும் இடம் வழக்கமாக அடிப்பகுதி என்பது போலி செய்பவர்களுக்கும் தெரியும். பழைய உடைந்த பாத்திரத்தின் அடிப்பகுதியைப் புது ஜாடிக்கு ஒட்டிவிடுகிறார்கள். அடி 14ஆம் நூற்றாண்டு என்று சான்றிதழ் வரும். மேலே இருப்பது போன வருஷத்து மண்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை என்பதற்கு 2022 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோந்தேன்ப்ளோ நகரில் நடந்த ஏலம் சாட்சி. ஒரு வீட்டுச் சாமான்களோடு வந்த, 54 சென்டிமீட்டர் உயர நீல வெள்ளை ஜாடி. ஏல நிறுவனத்துக்காகப் பார்த்த நிபுணர் அதை 20ஆம் நூற்றாண்டுச் சாதாரணப் பொருள் என்று முடிவு செய்து 1500 முதல் 2000 யூரோ வரை மதிப்புப் போட்டார். வாங்க வந்தவர்கள் அதை 18ஆம் நூற்றாண்டு என்று நம்பினார்கள். ஏலம் 77 லட்சம் யூரோவில் நின்றது. கட்டணங்களோடு 91 லட்சத்துக்கும் மேல். அந்த நிபுணர் வேலையை இழந்தார், கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யார் சொன்னது சரி என்று விலை முடிவு செய்ய முடியாது. இரண்டு பேர் விடாமல் போட்டி போட்டால் விலை ஏறும், அவ்வளவுதான். லண்டன் புறநகர் ஒன்றில் 2010ல் ஒரு சியான்லாங் காலத்து ஜாடி 4 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. உலகமே பேசியது. கேட்டவர் பணம் கட்டவில்லை. பின்னர் 2013ல் அந்த விலையில் ஏறக்குறைய பாதிக்கே அது கைமாறியதாகச் செய்திகள் வந்தன. வராக்கடன் என்ற தலைப்பில் பாடம் நடத்துபவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டேவிட் ஜாடிகள் இப்போதைக்கு எந்த ஏலத்துக்கும் வரப்போவதில்லை. கோர்டன் சதுக்கத்துக் கட்டிடம் 2007ல் மூடப்பட்டது. 2009லிருந்து சேகரிப்பு முழுவதும் பிரிட்டிஷ் மியூசியத்தில் கடனாகக் காட்சிக்கு இருந்தது. 2024 நவம்பரில், சுமார் 1700 பொருட்களையும் நிரந்தரமாகவே கொடுப்பதாக டேவிட் அறக்கட்டளை அறிவித்தது. மதிப்பு சுமார் 100 கோடி பவுண்டு என்றார்கள். ஜாங் வென்ஜின் மூன்று பொருட்களைக் கொடுத்ததாக எழுதியிருந்தார் அல்லவா? இரண்டுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. தூபக்கால் இதுவரை எங்கேயும் கிடைக்கவில்லை.